உயிலும் நிலமும் உறவுச்சொல்லும்: ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் ஆவணங்கள் வழி

தமிழில் இன்று வழங்கும் 'உயில்' என்னும் சொல், 'வில்' என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவமாகும். சொல்லைக் கடனாகப் பெற்ற நாம், அச்சொல்லைச் சூழ்ந்திருந்த சமூக அமைப்பைப் பெறவில்லை. இதனைப் பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலேய உயிலொன்றைத் தமிழாக்க முற்படுவோர் முதற் பக்கத்திலேயே உணர்வர். உறவுமுறைச் சொற்கள், நிலவுரிமைச் சொற்கள், சமூகத் தகுதிச் சொற்கள் ஆகிய மூவகைச் சொற்களும் இன்றைய அகராதிப் பொருளோடு பொருந்தாமல் நழுவுகின்றன. ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்தால் ஒரு தலைமுறை இடம் மாறிவிடும். மகள் மருமகளாவாள், பேத்தி உடன்பிறந்தார் மகளாவாள்.

இக்கட்டுரை, இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் பகுதியில் வில்ம்கோட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஆர்டன் குடும்பத்தின் ஆவணங்களை எடுத்துக்கொள்கிறது. நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் தாய் மேரி ஆர்டன் பிறந்த குடும்பம் இது. இக்குடும்பத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் கவிஞரின் புகழன்று. அப்புகழின் பொருட்டு இவ்வாவணங்கள் ஏறத்தாழ முழுமையாகத் தேடப்பட்டு அச்சேறியுள்ளன என்பதே காரணம். வேறெந்த உழவர் குடும்பத்துக்கும் இத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை.

தகுதிச் சொற்கள்

ஆங்கிலேய ஆவணங்களில் ஒருவரின் பெயரை அடுத்து அவரது ஊரும் தகுதியும் தவறாமல் இடம்பெறுவதைக் காணலாம். இது வெறும் வழக்கமன்று. 1413 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வழக்குத் தொடரும் ஆணைகளில் பிரதிவாதியின் தகுதி அல்லது தொழிலையும் ஊரையும் குறிக்க வேண்டுமென விதித்தது. ஒரே பெயருடையோர் பலர் இருந்தமையால் ஆளைத் தவறாகப் பிடிக்காதிருக்க இவ்வேற்பாடு தேவைப்பட்டது. இவ்வாறு வழக்குமன்றத்தில் தொடங்கிய மரபு நிலப்பத்திரங்களிலும் உயில்களிலும் நிலைபெற்றது.

இவ்வரிசையில் ஜென்டில்மேனுக்குக் கீழும் ஹஸ்பண்ட்மேனுக்கு மேலும் நிற்பவர் யோமன். 'ஹஸ்பண்ட்மேன்' என்பதன் முற்பகுதி, வீட்டில் குடியிருப்பவர் எனப் பொருள்படும் பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அது சிறு உழவரைக் குறித்தது. 'யோமன்' என்பது 'இளைஞன்' எனப் பொருள்படும் தொடரின் குறுக்கமாகலாம் என்பது பலர் கொள்கை. முதலில் பெருங்குடும்பங்களின் ஏவலரைக் குறித்த அச்சொல், பின்னர்ச் சொந்த நிலத்தை உழுது வளமாக வாழும் குடியானவரைக் குறிக்கலாயிற்று. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாய் தரும் முற்றுரிமை நிலம் உடையவரே யோமன் என்பது மரபான சட்ட விளக்கம். 1430 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடாளுமன்ற உறுப்பினரைத் தேரும் உரிமைக்கும் இதே அளவுதான் வரம்பு. நடைமுறையோ வேறு. யோமன்களைப் பற்றி 1942 இல் விரிவான நூல் வெளியிட்ட மில்ட்ரெட் காம்பெல், குத்தகை நிலமும் நகல்வழி நிலமும் மட்டுமே வைத்திருந்தோர் பலரும் யோமன் என அழைக்கப்பட்டதைக் காட்டியுள்ளார். ஊரார் எவரை அவ்வாறு மதித்தனரோ அவரே யோமன்.

தமிழில் இதற்கு நிகர் யாது? 'மிராசுதார்' என்பது முதலில் நினைவுக்கு வரும். அரபுமொழியில் மரபுரிமையைக் குறிக்கும் சொல்லை அடியாகக் கொண்டதாகலின் வழிவழி உரிமை என்னும் கூறு அதில் உண்டு. ஆனால் மிராசுதார் தாமே ஏர் பிடிப்பவர் என்னும் குறிப்பு அச்சொல்லில் இல்லை. பல இடங்களில் எதிர்மறையான குறிப்பே உண்டு. யோமனோ தம் கையால் உழைத்தவர். அதுவே அவரை ஜென்டில்மேனிடமிருந்து பிரித்த கோடு. 'பண்ணையார்' என்பதற்கும் இதே குறை. 'குடியானவர்' என்றால் ஹஸ்பண்ட்மேனுக்கு இடமில்லாமற் போகும். 'வேளாளர்' என்பது சாதிப்பெயராகப் பொருள்படும் என்பதால் அறவே விலக்கத்தக்கது. 'யோமன்' என ஒலிபெயர்த்து, முதல் வரவில் ஒரு வாக்கியத்தால் விளக்குவதே நேர்மையான வழி என்பது என் கருத்து. எல்லாவற்றையும் தமிழாக்கியே தீரவேண்டும் என்பார் இதனை ஏற்கமாட்டார். ஆயினும், இல்லாத நிறுவனத்தை இருப்பதாகக் காட்டும் தமிழ்ச்சொல்லைவிட அயற்சொல் கேடு குறைந்தது.

இச்சொற்கள் ஒருவரின் நிலையான இயல்பைக் குறிப்பன அல்ல என்பதற்கு மேரியின் கணவர் ஜான் ஷேக்ஸ்பியரே சான்று. 1556 இல் ஸ்ட்ராட்ஃபர்டு நகர மன்ற வழக்கொன்றில் அவர் கையுறை செய்பவர். 1561 இல் தந்தையின் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டபோது இலத்தீன் பதிவு அவரை ஸ்னிட்டர்ஃபீல்டு ஊர் உழவர் என்கிறது. அவரோ 1552 லேயே ஸ்ட்ராட்ஃபர்டின் ஹென்லி தெருவில் குப்பைமேடு வைத்ததற்காகத் தண்டம் கட்டியவர். 1573 இல் அவர் தோல் பதனிடுபவர். 1579 இல் நிலத்தை விற்றபோது யோமன். 1596 அக்டோபரில் குடும்பச் சின்னம் பெற்று ஜென்டில்மேன் தகுதி எய்தினார். அதன்பின் மூன்று மாதம் கழித்து, 1597 ஜனவரியில் தம் வீட்டையடுத்த நிலத்துண்டு ஒன்றை விற்ற பத்திரத்தில் மீண்டும் யோமன். வம்சாவளி தேடுவோர் இச்சொற்களை மட்டும் நம்பினால் ஒருவரை நால்வராக்கிவிடுவர். உண்மையில் அவ்வாறு ஐயுற்றோரும் இருந்தனர். எழுத்தர் எவர், வழக்கு எது, எந்தத் தகுதியில் அவர் அங்கு நின்றார் என்பவை கூடியே சொல்லைத் தீர்மானித்தன.

ராபர்ட் ஆர்டனின் உயில்

இங்கிலாந்தில் கோயிற்பற்றுப் பதிவேடுகள் 1538 ஆம் ஆண்டு ஆணையால் தொடங்கின. ஆனால் எல்லா ஊர்ப் பதிவேடும் அவ்வாண்டிலிருந்து கிடைப்பதில்லை. வில்ம்கோட் அடங்கிய ஆஸ்டன் காண்ட்லோ கோயிற்பற்றின் பதிவேடு 1560 இலிருந்தே உள்ளது. ஆகவே மேரி பிறந்த நாளும் மணந்த நாளும் எங்கும் பதிவாகவில்லை. அவர் எவர் மகள், எப்போது மணமாகாதிருந்தார் என்பவற்றை அவர் தந்தை ராபர்ட் ஆர்டன் 1556 நவம்பர் 24 அன்று எழுதிய உயிலிலிருந்தே அறிகிறோம். டிசம்பர் 9 அன்று சொத்துக் கணக்கு எடுக்கப்பட்டதால், இடைப்பட்ட பதினைந்து நாட்களில் அவர் இறந்தார் என்பது தெளிவு. உயில்கள் அக்காலத்தில் திருச்சபை மன்றங்களின் ஆளுகையில் இருந்தன; 1858 இல்தான் அவ்வதிகாரம் அரசின் மன்றத்துக்கு மாறியது. ஆர்டனின் உயில் வூஸ்டர் மறைமாவட்ட மன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது.

தம் ஆன்மாவை இறைவனுக்கும் தூய மரியாளுக்கும் விண்ணகப் புனிதர் கூட்டத்துக்கும் ஒப்படைக்கிறார் ஆர்டன். இத்தொடரைக் கொண்டு அவரைக் கத்தோலிக்கர் எனத் துணிவது இயல்பு. ஆனால் 1556 இல் ஆண்டவர் கத்தோலிக்க அரசி முதலாம் மேரி. இத்தகைய முகவுரைகள் பெரும்பாலும் எழுதுபவரின் கைவாய்பாடு. நம் பத்திரங்களில் 'என் மனப்பூர்வமாகவும் பிறர் தூண்டுதலின்றியும்' என்பது எழுதிக்கொடுப்பவரின் மனநிலைக்குச் சான்றாகாதவாறு போல, இதுவும் தனிச்சான்றாகாது.

மேரிக்கு வில்ம்கோட்டில் ஆஸ்பீஸ் எனப்பட்ட நிலம் முழுவதும், அதில் அப்போது விதைத்திருந்த பயிரும், 6 பவுன் 13 ஷில்லிங் 4 பென்னியும் எழுதப்பட்டன. மனைவி ஆக்னசுக்கும் அதே தொகை, ஆனால் நிபந்தனையுடன்: வில்ம்கோட்டிலுள்ள நகல்வழி நிலத்தில் பாதியை மகள் ஆலிஸ் இடையூறின்றி அனுபவிக்க அவர் விடவேண்டும். தவறினால் 3 பவுன் 6 ஷில்லிங் 8 பென்னியே கிட்டும். இத்தொகைகள் விந்தையாகத் தோன்றும். ஒரு பவுன் 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங் 12 பென்னி. 13 ஷில்லிங் 4 பென்னி கொண்டது ஒரு மார்க். மார்க் என்பது நாணயமாக இல்லாமல் கணக்கில் மட்டும் வழங்கிய அலகு. எனவே ஆர்டன் எண்ணியது பத்து மார்க். நிபந்தனை மீறினால் சரிபாதி, ஐந்து மார்க். மொழிபெயர்ப்பில் பவுன் கணக்கை அப்படியே தந்தால், முழுமையான ஓர் எண்ணைச் சில்லறையாகச் சிதறடித்தவராவோம். கவிஞரின் மாமனார் ரிச்சர்ட் ஹாத்தவே 1581 இல் தம் மகளின் திருமண நாளுக்கென எழுதி வைத்ததும் இதே பத்து மார்க்தான்.

இவ்வுயிலில் எனக்கு மிகவும் பிடித்த வரி வேறொன்று. ஆஸ்டன் கோயிற்பற்றில் 'டீம்' இல்லாத ஒவ்வொரு வீட்டுக்கும் 4 பென்னி தரவேண்டும் என்கிறார் ஆர்டன். இன்றைய ஆங்கிலத்தில் 'டீம்' விளையாட்டுக் குழுவையும் பணிக்குழுவையும் நினைவூட்டும். இங்கு அது ஏரில் பூட்டும் மாடுகளின் தொகுதி. 'ஏரில்லாத வீடு' என்று தமிழில் சொன்னவுடன் பொருள் முழுமையாக வந்துவிடுகிறது. ஏழை என்பதற்கு ஓர் உழவர் தந்த இலக்கணம் அது. அவரது சொத்துக் கணக்கிலோ எட்டு எருதுகள் உள்ளன. மொத்த மதிப்பு 77 பவுன் 11 ஷில்லிங் 10 பென்னி. சில ஆண்டுகள் கழித்து இறந்த ரிச்சர்ட் ஷேக்ஸ்பியரின் சொத்துக் கணக்கு 38 பவுன் 17 ஷில்லிங். இக்கணக்குகள் அசையும் பொருளை மட்டும் மதிப்பிடுவன. நிலம் இவற்றில் சேராது. எனினும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்த இருவரின் வேறுபாடு தெளிவாகவே தெரிகிறது. இவ்வளவு உடைய ஆர்டனைப் பத்திரங்கள் யோமன் என்றுகூடக் குறிக்கவில்லை, ஹஸ்பண்ட்மேன் என்றே குறித்தன. அவர் காலத்திற்குப் பின் பேரனின் தலைமுறையில்தான், குடும்பச் சின்னத்திற்கான வரைவுகளில் ஜென்டில்மேன் வரிசைச் சொற்கள் அவர் பெயரோடு ஒட்டப்பட்டன.

உயில் சொல்லாதது

ஆர்டனுக்கு மகள்கள் எண்மர் எனக் கொள்வது வழக்கம், ஆண்மக்கள் எஞ்சவில்லை. ஆயின் உயிலில் பங்கு பெறுவோராக முன்னிற்பவர் ஆலிசும் மேரியும்தான்; நிறைவேற்றுநர்களும் அவ்விருவரே. உயிலை மட்டும் படிப்பவர், ஏனைய மகள்களைத் தந்தை கைவிட்டார் என்றோ, கடைசி மகளிடம் அளவிறந்த பற்றுக் கொண்டிருந்தார் என்றோ கதை புனையக்கூடும். புனைந்தும் உள்ளனர்.

நிலப்பத்திரங்கள் வேறு செய்தி தருகின்றன. ராபர்ட்டும் அவர் தந்தை தாமஸ் ஆர்டனும் 1501 இல் ஸ்னிட்டர்ஃபீல்டில் நிலம் பெற்றனர். 1550 ஜூலை 17 அன்று ராபர்ட் இரு பத்திரங்கள் எழுதி, ஸ்னிட்டர்ஃபீல்டு நிலங்களை நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார். தமக்கும் மனைவி ஆக்னசுக்கும் ஆயுட்கால உரிமை, அதன்பின் ஆறு மகள்களுக்கு என்பது ஏற்பாடு. அப்பத்திரங்களில் மேரியின் பெயர் இல்லை. ஆறாண்டுகள் கழித்து உயிலில் மேரிக்கு ஆஸ்பீஸ் எழுதப்பட்டமைக்கு இப்போது பொருள் விளங்குகிறது. மற்றவர்க்கு முன்பே தந்தாயிற்று. விடுபட்டவருக்கு உயில் தந்தது.

ஆங்கிலேய உயில்களைப் படிப்போர் மறவாது மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி இது. பொதுச் சட்டப்படி நிலம் மூத்த மகனுக்கும், மகன் இல்லாவிடில் மகள்களுக்குச் சமமாகவும் தானே இறங்கும். 1540 ஆம் ஆண்டு உயில் சட்டத்திற்குப் பின்னரே நிலத்தை உயிலால் மாற்றி எழுதுவது எளிதாயிற்று. தானே இறங்குவதைப் பலர் எழுதவேயில்லை. எனவே உயிலில் மூத்த மகனின் பெயர் இல்லாதிருப்பின், அவர் இறந்தார் எனவோ தள்ளிவைக்கப்பட்டார் எனவோ முடிவு கட்டலாகாது. பெரும்பங்கை முன்பே பெற்றவராகவும் அவர் இருக்கலாம்.

நகல்வழி நிலம் என மேலே சுட்டியது தனி விளக்கம் வேண்டுவது. பிரபுவின் பண்ணை மன்றப் பதிவேட்டில் குடியின் பெயர் ஏறும். அப்பதிவின் நகலே அவர் கையிலுள்ள சான்று. கைமாற்றம் நிகழும்போது பழைய குடி நிலத்தை மன்றத்தில் ஒப்படைப்பார், புதியவர் நுழைவுப்பணம் கட்டி ஏற்பார். நம் பட்டாவோடு இதனை ஒப்பிடத் தோன்றும். பதிவேட்டின் படியே உரிமைச்சான்று என்ற அளவில் ஒப்புமை சரி. ஆனால் பட்டா தருவது அரசின் வருவாய்த்துறை, நகல் தருவது தனியொரு பிரபுவின் மன்றம். வம்சாவளி தேடுவோருக்கு இம்மன்றச் சுருள்கள் பெருஞ்செல்வம். தந்தை இறந்த செய்தியும் அடுத்து ஏற்றவர் பெயரும் ஒரே பதிவில் நிற்கும். 1926 தொடக்கத்தில் இந்நிலவுரிமை முறை முடிவுக்கு வந்தது.

1550 ஆம் ஆண்டுப் பத்திரத்தின் மற்றொரு தொடரும் கருதத்தக்கது. நிலத்தின் ஒரு பகுதி 'ரிச்சர்ட் ஷேக்ஸ்பியர் என்னும் ஒருவரின்' அனுபவத்தில் உள்ளது என்கிறது அந்த இலத்தீன் வாசகம். இவர் ஜானின் தந்தை. நிலவுடைமையாளரின் கடைசி மகள் பின்னாளில் குத்தகையாளரின் மகனை மணந்தார். இரு குடும்பங்களையும் முதன்முதலில் இணைத்துக் காட்டுவது காதல் கடிதமோ திருமணப் பதிவோ அன்று. எல்லை விவரத்துக்காக எழுத்தர் போகிற போக்கில் சேர்த்த ஒரு பெயரெச்சத் தொடர்.

உறவுச்சொற்கள்

அக்கால ஆங்கிலத்தில் 'சன்-இன்-லா', 'டாட்டர்-இன்-லா' என்பன மருமக்களை மட்டுமின்றி, மணவழி வந்த மாற்றுமக்களையும் குறித்தன. 'கசின்' உடன்பிறந்தார் மகனையும், தொலைவு தெரியாத எந்தச் சுற்றத்தையும் குறிக்கும். ஸ்ட்ராட்ஃபர்டு நகர எழுத்தர் தாமஸ் கிரீன் தம் குறிப்புகளில் கவிஞரைக் 'கசின்' என்கிறார்; அவர்களுக்கிடையே இருந்த உறவு இன்றும் நிறுவப்படவில்லை. 1616 ஆம் ஆண்டு உயிலில் கவிஞர் தம் மகள் வயிற்றுப் பேத்தி எலிசபெத் ஹாலை 'நீஸ்' என்கிறார். அகராதி காட்டும் வழியே சென்று 'உடன்பிறந்தார் மகள்' எனப் பெயர்த்தால் இல்லாத ஒரு கிளையை உண்டாக்கியவராவோம்.

தமிழின் நிலை இதற்கு நேர்மாறானது. நம் உறவுச்சொற்கள் தந்தைவழி, தாய்வழி, மூப்பு, இளமை ஆகியவற்றைக் கூறாமல் விடுவதில்லை. மூலம் வாளா இருக்குமிடத்தில் தமிழ் பேசியே ஆகவேண்டும். அதாவது மொழிபெயர்ப்பாளர் வம்சாவளி ஆய்வாளராகவும் ஆகவேண்டும். உறவு நிறுவப்படாத இடத்தில் 'சுற்றத்தார்' என நிறுத்திக்கொள்வதே தக்கது.

மாறாக, தமிழ் உதவும் இடங்களும் உண்டு. மேரியின் தமக்கை ஜோனை மணந்த எட்மண்ட் லாம்பர்ட்டை ஆங்கிலம் 'பிரதர்-இன்-லா' என்றே சொல்லும். மனைவியின் உடன்பிறந்தாரும் தமக்கையின் கணவரும் அதே பெயர் பெறுவர். தமிழில் ஜானுக்கு அவர் சகலை. இன்னும் சுவையானது அலெக்சாண்டர் வெப் பற்றியது. 1560 இல் ஆக்னஸ் ஆர்டன் ஸ்னிட்டர்ஃபீல்டு நிலத்தைத் தம் 'பிரதர்' அலெக்சாண்டர் வெப்பிற்குக் குத்தகைக்கு விட்டார். ஆக்னஸ் ராபர்ட்டின் இரண்டாம் மனைவி, மேரிக்கு மாற்றாந்தாய். வெப்போ மேரியின் தமக்கை மார்கரெட்டின் கணவர். மாற்றாந்தாயின் உடன்பிறந்தான் அக்குடும்பத்து மூத்தாள் மகளை மணந்துள்ளான். ஆங்கில ஆய்வாளர் இதனை விளக்க ஒரு நீண்ட வாக்கியம் எழுதுகின்றனர். தமிழ் வாசகருக்கு 'மாமன் முறை' என்ற இரு சொற்கள் போதும். ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நம் சொல் ஓர் உரிமையையும் வழக்கையும் உடன்கொண்டு வருகிறது. ஆங்கிலேயரிடம் அத்தகைய முறை உரிமை இல்லை. நிலம் சிதறாமல் இருக்க நேர்ந்த அண்மை மணமாகவே இதைக் கொள்ளலாம்.

பெயர்களிலும் இடர் உண்டு. ஆக்னஸ் என்னும் பெயரிலுள்ள ககர ஒலி அக்காலப் பேச்சில் மறைந்து, 'ஆன்' என்பதோடு மயங்கியது. ரிச்சர்ட் ஹாத்தவேயின் உயிலில் ஆக்னஸ் எனப்படுபவரே கவிஞரின் மனைவி ஆன். எழுத்தை நம்பிய ஒருவர் அங்கு இரு மகள்களைக் காண்பார்; ஒலியை அறிந்தவர் ஒருவரையே காண்பார். ஆண்டுக்கணக்கும் இத்தகையதே. 1752 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 இல். எனவே மேலே ஜனவரி 1597 எனக் குறித்த பத்திரம் அன்றைய கணக்கில் 1596 ஐச் சேர்ந்தது.

நிலமும் வீடும்

1578 இல் ஜான் ஷேக்ஸ்பியருக்குப் பணமுடை ஏற்பட்டது. மேரியின் வழிவந்த வில்ம்கோட் சொத்தைச் சகலை லாம்பர்ட்டிடம் 40 பவுனுக்கு அடமானம் வைத்தார். அது ஆஸ்பீஸே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1580 செப்டம்பர் 29, மைக்கேல் திருநாளன்று திருப்பித் தரவேண்டும். தாம் பணத்தைக் கொண்டு சென்றதாகவும், வேறு கடன்களையும் தீர்த்தாலொழிய ஏற்க இயலாதென லாம்பர்ட் மறுத்ததாகவும் ஜான் பின்னர் வழக்குரைத்தார். லாம்பர்ட் 1587 இல் இறந்தபின் அவர் மகனோடு வழக்குத் தொடர்ந்தது. 1588 ஆம் ஆண்டு மனுவில் பெற்றோரோடு அவர்கள் மகன் வில்லியமின் பெயரும் இடம்பெற்றது. 1597 இல் மீண்டும் சான்சரி மன்றத்தில் வழக்கு. நிலம் திரும்பியதாகச் செய்தி இல்லை. கவிஞரின் இளமைக்காலத்தில் இக்குடும்பம் இழந்தது எவ்வளவு என்பதை மனுவின் வறட்டு இலத்தீனே காட்டுகிறது: ஒரு வீடு, ஒரு யார்டுலேண்டு நிலம், நான்கு ஏக்கர். யார்டுலேண்டு ஏறத்தாழ 30 ஏக்கர் எனப்படினும் ஊருக்கு ஊர் மாறுவது. நம் குழியும் மாவும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டவாறே இதுவும் வேறுபட்டது. ஆகவே ஏக்கராக்கித் தராமல் அலகின் பெயரையே தருதல் நன்று.

இதே ஆண்டுகளில்தான் பெருமை தேடும் முயற்சியும் நடந்தது. 1599 இல் ஆர்டன் சின்னத்தையும் சேர்த்துக்கொள்ள விண்ணப்பித்தபோது, சின்ன அலுவலர்கள் பார்க் ஹால் என்னும் இடத்து உயர்குடி ஆர்டன்களின் சின்னத்தை முதலில் வரைந்து, பின் அதை அடித்துவிட்டு வேறோர் ஆர்டன் சின்னத்தை வரைந்தனர். அவ்வரைவு இன்றும் உள்ளது. வில்ம்கோட் ஆர்டன்கள் பார்க் ஹால் கிளையினர் என்பதற்கு உயிலோ நிலப்பத்திரமோ சான்று தரவில்லை. தாமசுக்கு மேல் ஏணி நின்றுவிடுகிறது.

சான்றுகள் மரபைத் திருத்திய நிகழ்ச்சி அண்மையிலும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர் எழுத்தாளர் ஜான் ஜோர்டன் வழியே பரவிய செய்தியை நம்பி, வில்ம்கோட்டின் அழகிய மரச்சட்ட வீடொன்று மேரி ஆர்டன் வீடாகக் காட்டப்பட்டு வந்தது. ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை 1930 இல் அதை வாங்கியது. 2000 ஆம் ஆண்டில் நாட் ஆல்காக் என்னும் ஆய்வாளர் பண்ணை ஆவணங்களில் நிலங்கள் கைமாறிய வரிசையைப் பின்தொடர்ந்து, அவ்வீடு ஆர்டன்களுடையதன்று என நிறுவினார். அது ஆடம் பாமருடைய வீடு. 1550 ஆம் ஆண்டு ஏற்பாட்டில் ராபர்ட் ஆர்டன் பொறுப்பாளராக வைத்தவரும் உயிலை மேற்பார்வையிட்டவரும் இந்த அண்டைவீட்டாரே. ஆர்டன் வீடு அருகிலேயே, க்ளீப் பண்ணை என்ற பெயரில், செங்கல் முகப்புக்குப் பின்னே அடையாளம் தெரியாமல் நின்றது. அதனையும் அறக்கட்டளை 1968 லேயே வாங்கியிருந்தது. இப்போது பழைய காட்சிவீடு பாமர் பண்ணை என்று பெயர் பெற்றுள்ளது. அதன் பழைய பெயர்ப்பலகை பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.